உள்ளே கிடக்கும் துண்டு: எடுப்பதா, விடுவதா?

"அக்கா, இதை எடுக்கேலாதோ?"

இந்தக் கேள்வி காதில் விழாத கிழமை எனக்கு இல்லை. கேட்பவர் சில வேளை தலைமுடியை விலக்கிக் காட்டுவார். சில வேளை சட்டையை உயர்த்தி முதுகைக் காட்டுவார். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் மட்டும் எங்களில் பலருடைய உடம்பை விட்டுப் போகவில்லை. மழைக்காலத்தில் உளைகிறது. வெயிலில் தலை இடிக்கிறது. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர், "இந்தியாவுக்குக் கொண்டுபோய் எடுப்பிப்பம், காசு நாங்கள் அனுப்புறம்" என்கிறார்கள். எடுப்பதா விடுவதா என்ற முடிவு பெரும்பாலும் வீட்டிலுள்ள ஆண்களாலோ தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர்களாலோ எடுக்கப்படுகிறது. துண்டைச் சுமப்பவளுக்கு அதுபற்றிச் சொல்லப்படுவது மிகக் குறைவு.

நான் வைத்தியர் அல்ல. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய் படுக்கைப் புண் பார்ப்பது, சலக்குழாய் போடும் முறையைச் சொல்லிக் கொடுப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என்பன என் வேலை. என் நாரியிலும் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு இருக்கிறது. எனவே இந்தக் கேள்வி எனக்கும் உரியது. கிளினிக்கில் ஒரு வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தியதையும், அதன்பின் நானே தேடி வாசித்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். மூளை, முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை பற்றி உலகில் நடந்த ஆய்வுகளில் எங்களுக்கு வேண்டியவை நிறைய உண்டு. அவை எங்கள் மொழியில் எங்கள் கைக்கு வருவதில்லை.

முதலில் தலையைப் பற்றிச் சொல்கிறேன்.

1917ஆம் ஆண்டு, முதலாம் உலக யுத்தத்தின்போது, ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் பெல்ஜியத்தில் போர்முனைக்குப் பின்னாலிருந்த கள வைத்தியசாலையொன்றில் வேலை செய்தார். மூளைக்குள் துண்டு புகுந்து வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்போது இறந்துகொண்டிருந்தனர். குஷிங் காயத்தை நன்றாகச் சுத்தம் செய்தார். இறந்துபோன மூளைத் திசுவை இறப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்தார். இரும்புத் துண்டுகளைக் காந்தம் வைத்து வெளியே இழுத்தார். பிறகு தோலை முழுமையாகத் தைத்து மூடினார். மூன்றே மாதங்களில் இறப்பு நூற்றுக்கு 54.5 இலிருந்து 28.8 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் கிருமிகொல்லி மருந்து கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

இதிலிருந்து வைத்திய உலகம் படித்த பாடம், "உள்ளே ஒன்றையும் விடாதே" என்பதாயிற்று. வியட்நாம் யுத்தம் வரை அப்படித்தான் நடந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு எக்ஸ்றே எடுப்பார்கள். எலும்புச் சில்லொன்று உள்ளே தெரிந்தால் மறுபடியும் தலையைத் திறப்பார்கள். ஒரு சில்லைத் தேடிப் போகும் வழியில் நல்ல மூளையும் சேதமாகும் என்பது தெரிந்தும், கிருமி பிடித்துவிடும் என்ற பயத்தில் அதைச் செய்தார்கள்.

1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.ரி. ஸ்கான் எடுக்கப்பட்டது. அதுவரை எக்ஸ்றேயில் எலும்பும் உலோகமும்தான் தெரிந்தன. இப்போது மூளையே தெரிந்தது. எங்கே இரத்தம் கட்டியிருக்கிறது, எங்கே வீங்கியிருக்கிறது, துண்டு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதையெல்லாம் பார்க்க முடிந்தது. 1982இல் லெபனான் யுத்தத்தில் இஸ்ரேலிய வைத்தியர்கள் இந்த ஸ்கானைத் துணையாக வைத்துக்கொண்டு வேறு வழியில் போனார்கள். கையெட்டும் இடத்திலுள்ளதை எடுத்தார்கள். ஆழத்தில் கிடந்ததைத் துரத்திப் போகவில்லை. அவர்கள் வைத்தியம் பார்த்த 113 பேரின் விபரம் 1990இல் வெளியானது. துண்டு உள்ளே கிடந்தவர்களுக்குக் கிருமித் தாக்கமோ வலிப்போ மற்றவர்களை விடக் கூடுதலாக வந்ததாக அதில் தெரியவில்லை. ஈரான் - ஈராக் யுத்தக் காயக்காரரைப் பார்த்த ஈரானிய வைத்தியர்களும் இதே திசையில்தான் எழுதினார்கள். இவற்றையெல்லாம் சேர்த்து 2001இல் மூளையை ஊடுருவிய காயங்களுக்கான வழிகாட்டி நெறிகள் வெளியாயின. இரத்தக்கட்டி மூளையை நெருக்கினால் எடு, மூளை நீர் ஒழுகினால் அடை, கிருமிகொல்லி கொடு, தூரத்தில் ஆழமாகக் கிடக்கும் துண்டை வழமையாக எடுக்கப் போகாதே என்பது அவற்றின் சாரம்.

ஆகவே, "அந்த நேரம் டொக்டர்மாருக்கு நேரமில்லை, அதுதான் விட்டுட்டினம்" என்று நினைத்து மனம் நொந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் வசதிகள் எவ்வளவு குறைவாக இருந்தன என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆழத்தில் கிடக்கும் துண்டை உலகின் மிகப் பெரிய வைத்தியசாலையில் காட்டியிருந்தாலும் பெரும்பாலும் விட்டேயிருப்பார்கள்.

வலிப்பு ஏன் வருகிறது?

துண்டு கிடப்பதால்தான் வலிப்பு வருகிறது, எடுத்தால் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது அவ்வளவு நேரான விடயமல்ல.

வியட்நாமில் தலையில் காயப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களைப் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு உண்டு. 1985இல் வெளியான அதன் முடிவின்படி, காயப்பட்டு 15 வருடங்களுக்குள் நூற்றுக்கு 53 பேருக்கு வலிப்பு வந்திருந்தது. 2010இல் மறுபடியும் எழுதினார்கள். வலிப்பு இருந்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல், காயப்பட்டு 14 வருடங்கள் கழிந்த பிறகே முதல் வலிப்பு வந்திருந்தது. அதாவது 2009இல் காயப்பட்டு இத்தனை காலமும் ஒன்றுமில்லாமல் இருந்த பெண்ணுக்கு இன்றைக்கு முதல் வலிப்பு வந்தால், அது பேயும் அல்ல, பில்லியும் அல்ல. பழைய காயத்தின் தழும்பாக இருக்கலாம்.

இரும்புத் துண்டு உள்ளே இருந்தவர்களுக்கு வலிப்பு வரும் சாத்தியம் கூட என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. இந்த இடத்தில் லெபனான் முடிவும் வியட்நாம் முடிவும் ஒத்துப்போகவில்லை. ஆனால் துண்டு வந்த பாதை முழுவதும் மூளையில் தழும்பு உண்டு. சிந்திய இரத்தத்திலுள்ள இரும்புச்சத்தும் மூளையை உறுத்தும். துண்டை மட்டும் எடுத்தால் இவை போய்விடுவதில்லை. போதாததற்கு, எடுக்கப்போகும் கத்தியும் ஒரு புதிய தழும்பை வைக்கும். ஆழத்தில் கிடப்பதை எடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நிறுவப்படவில்லை.

நிறுவப்பட்டது குளிசைதான். அதிலும் ஒரு விபரம் உண்டு. தலையில் காயப்பட்டவுடன், வலிப்பு வராமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் மருந்து பற்றி 1990இல் அமெரிக்காவில் 404 பேரில் பரீட்சித்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் முதல் கிழமைக்குள் வலிப்பு வந்தோர் நூற்றுக்கு 3.6, கொடுக்காதவர்களில் 14.2. முதல் கிழமைக்குப் பிறகு மருந்தால் பிரயோசனம் இருக்கவில்லை. ஆகவே வலிப்பே வராத ஒருவர் வருடக்கணக்காகக் குளிசை போட்டு வந்தால், "இது எனக்கு இன்னும் தேவையோ?" என்று கிளினிக்கில் கேட்பதில் தவறில்லை. வலிப்பு வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் ஒரு நாள்கூட விடக்கூடாது.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் அடுத்த பந்தியை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோடியம் வல்புரோவேற் என்ற வலிப்பு மருந்து, எபிலிம் என்ற பெயரிலும் வருகிறது. நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்ப காலத்தில் இதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 10 பேரளவில் பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். பொதுவாக இது நூற்றுக்கு 2 அல்லது 3 மட்டுமே. நூற்றுக்கு 30 முதல் 40 பிள்ளைகள் வரை கதைப்பதிலும் படிப்பிலும் வளர்ச்சியிலும் பின்தங்குகின்றனர். இதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாயின் உயிரையே கொண்டுபோகலாம். பிள்ளை வேண்டும் என்று யோசிக்கும்போதே, கர்ப்பம் தரிக்க முன்னரே, வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மெதுவாக மாற்ற முடியும். இன்னொன்று, கார்பமசெப்பின், பெனிற்றோயின் என்ற மருந்துகள் கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். கையில் தோலுக்குக் கீழே வைக்கும் குச்சியும் அவ்வாறே பலன் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வலிப்புக் கிளினிக்கும் குடும்பக்கட்டுப்பாட்டுக் கிளினிக்கும் வெவ்வேறு கிழமை, வெவ்வேறு கட்டடம். ஓரிடத்தில் கொடுத்ததை மற்ற இடத்தில் நாங்கள் சொன்னால்தான் தெரியும்.

இரண்டு மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்காதவர்களுக்கு, வலிப்பு தொடங்கும் மூளைப் பகுதியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. 2001இல் கனடாவில் 80 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சத்திரசிகிச்சைப் பகுதியில் ஒரு வருட முடிவில் நூற்றுக்கு 58 பேர் மயக்கம் தரும் வலிப்பு இல்லாமல் இருந்தனர். மருந்து மட்டும் எடுத்த பகுதியில் 8 பேர். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் வலிப்பு காதோரத்து மூளைப் பகுதியில் தொடங்கியது. எறிகணைக் காயத்துத் தழும்பு அப்படி ஒரே இடத்தில் அடங்கியிருப்பதில்லை. எனவே அந்த 58ஐ எங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விசாரித்துப் பார்க்கலாம் என்ற அளவில் வைத்துக்கொள்வோம்.

மண்டையோட்டைத் திறந்து வைத்தால்

இது துண்டைப் பற்றியது அல்ல. ஆனால் வீதி விபத்தில் மகனோ கணவனோ அடிபட்டு, "ஓட்டை எடுக்கவேணும், கையொப்பம் வையுங்கோ" என்று கேட்கப்பட்ட பெண்கள் எங்கள் ஊர்களில் இப்போது நிறையப் பேர். மூளை வீங்கும்போது நெருக்கம் தாங்காமல் உயிர் போகும். அதைத் தவிர்க்க மண்டையோட்டின் ஒரு பெரிய பகுதியைத் தற்காலிகமாகக் கழற்றி வைப்பதே இந்தச் சத்திரசிகிச்சை.

பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரை மையமாகக் கொண்டு, பல நாடுகளின் வைத்தியசாலைகளில் 408 பேரை வைத்து இதை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற வைத்தியங்களுக்கு அடங்காத வீக்கம் உள்ளவர்களையே சேர்த்தார்கள். ஆறு மாத முடிவில், ஓடு கழற்றியவர்களில் நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தனர். கழற்றாமல் மருந்தால் பார்த்தவர்களில் 49 பேர். உயிர் காப்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கண் திறந்தும் உணர்வில்லாமல் கிடப்போர் ஓடு கழற்றியவர்களில் நூற்றுக்கு 8.5, மற்றவர்களில் 2.1. முழுக்க முழுக்கப் பிறர் கையில் தங்கியிருப்போர் 22க்கு 14. வீட்டுக்குள் தன் காரியத்தைத் தான் பார்க்கும் அளவுக்குத் தேறியவர்களும் கூடத்தான்: 15க்கு 8. பிழைத்த உயிர்கள் எல்லா நிலைகளிலும் பரந்திருந்தன.

"பிறர் கையில் தங்கியிருப்போர்" என்று ஆய்வு எழுதும் இடத்தில் அந்தப் பிறர் யார் என்று எழுதுவதில்லை. எங்களுக்குத் தெரியும். தாய், மனைவி, படிப்பை விட்ட மூத்த மகள். கையொப்பம் வைக்கவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நானென்றாலும் வைப்பேன். வைக்கும்போது, "பிழைத்தால் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. உயிர் தப்பிய பிறகு பராமரிப்புக்கு என்ன உதவி என்று கேட்கும் உரிமையும் உண்டு.

முதுகில் இருப்பது

முள்ளந்தண்டு என்பது எலும்பு. அதன் நடுவேயுள்ள குழாயில் இறங்கும் மென்மையான நரம்பு வடம்தான் முண்ணாண். அது முதலாம் அல்லது இரண்டாம் நாரி முள்ளென்பு அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே தாழை விழுதுபோல நரம்பு வேர்கள் மட்டும் தொங்கும். முண்ணாண் சேதமானால் திரும்ப வளர்வது மிக அரிது. நரம்பு வேர்கள் அதைவிடத் தாங்கும், ஓரளவு தேறும். இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் அடுத்த ஆய்வு லேசாகப் புரியும்.

முள்ளந்தண்டுக் குழாய்க்குள் சன்னம் தங்கியவர்களைப் பற்றி ஐக்கிய அமெரிக்காவின் பல நிலையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. பன்னிரண்டாவது நெஞ்சறை முள்ளென்பிலிருந்து நான்காவது நாரி முள்ளென்பு வரை சன்னம் தங்கியவர்களுக்கு, அதை எடுத்ததால் கால் பலம் கூடத் தேறியது. அதற்கு மேலே நெஞ்சறைப் பகுதியில் தங்கியவர்களுக்கு, எடுத்தும் எடுக்காததும் ஒன்றாகவே இருந்தது. இது காயப்பட்ட புதிதில் செய்த சத்திரசிகிச்சை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு எடுத்தால் கால் திரும்பும் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

என்னுடைய துண்டு குழாய்க்கு வெளியே, இரண்டாவது நாரி முள்ளென்பை ஒட்டி இறைச்சிக்குள் இருக்கிறது. ஸ்கானைப் பார்த்த வைத்தியர், "இதாலை உங்களுக்கு இனி ஒண்டும் நடக்காது. இதைத் தேடி நான் வெட்டினால்தான் நடக்கும்" என்றார். அன்றிலிருந்து நான் அதைப்பற்றி யோசிப்பதில்லை. உளைவு வந்தால் சுடுதண்ணீர் ஒத்தடம்.

எல்லோருக்கும் இந்தப் பதில் பொருந்தாது. கைத்தடியோடு நடந்தவருக்குத் திடீரென்று கால் தளர்ந்தால், விறைப்பு முன்னையை விட மேலே ஏறினால், இருமும்போது கையில் மின்னல் அடித்ததுபோல நொந்தால், சலம் மலம் போவது மாறினால், உடனே காட்ட வேண்டும். பழைய காயத்துக்குள் வருடங்கள் கழித்து நீர்க்குழி உண்டாகி முண்ணாணை உள்ளிருந்து நெருக்குவதுண்டு. துண்டு இடம் மாறுவதும் உண்டு. தலைக் காயக்காரருக்குக் காய்ச்சலோடு தலையிடி, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிதல், பழைய தழும்பில் சீழ் என்பன அவசரம். இவற்றுக்குச் சத்திரசிகிச்சை உண்டு. அதைப் பின்போடக்கூடாது.

"ஈயம் கரைஞ்சு நஞ்சாகுமாம்" என்ற பேச்சிலும் சிறிது உண்மை இருக்கிறது. எறிகணைச் சிதறல் பெரும்பாலும் இரும்பு. சன்னத்தில்தான் ஈயம். அது இறைச்சிக்குள் கிடந்தால் சுற்றித் தழும்பு மூடிவிடும். மூட்டு நீர் படும் இடத்திலோ முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டிலோ கிடந்தால் மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் சேரலாம். காரணம் தெரியாத வயிற்றுக்குத்து, இரத்தச்சோகை, கை தளர்ச்சி இருந்தால் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கச் சொல்லலாம். எலும்பில் சேர்ந்த ஈயம் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வெளியே வரும் என்பதால் தாய்மார் கட்டாயம் சன்னத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நடப்போமா?

இதைத்தான் எல்லோரும் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

2011இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், நெஞ்சுக்குக் கீழே இயக்கமில்லாத ஓர் இளைஞரின் முண்ணாணுக்கு மேலே மின்வாய்களை வைத்துச் சிறிய மின்சாரம் கொடுத்தபோது அவர் எழுந்து நின்றார். 2014இல் நான்கு பேர், தாங்கள் நினைத்தபோது காலை அசைத்தனர். 2018இல் சிலர் பிடியோடு அடியெடுத்து வைத்தனர். 2023 மே மாதத்தில் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து வந்த செய்தி இன்னும் வியப்பானது. சைக்கிள் விபத்தில் கால்கள் முடங்கிய கெர்ட்-யான் ஒஸ்காம் என்ற நெதர்லாந்துக்காரரின் மூளையின் மேல் வைத்த கருவி, அவர் நடக்க நினைப்பதைப் படித்து, முண்ணாணின் மேல் வைத்த மற்றக் கருவிக்குக் கம்பியில்லாமல் அனுப்பியது. அவர் பிடிதடியோடு நடந்தார். கணக்கைக் கவனியுங்கள்: ஒருவர், நால்வர், ஒருவர். மின்சாரம் கொடுப்பதோடு மாதக்கணக்கான பயிற்சியும் சேர்ந்தே இது நடந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது இதைவிடச் சாதாரணமான ஒன்று. வெட்டாமல், கழுத்தின் தோலுக்கு மேலே ஒட்டும் மின்வாய்களால், கைகள் முடங்கிய 60 பேருக்கு இரண்டு மாதம் பயிற்சியோடு மின்சாரம் கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. நூற்றுக்கு 72 பேருக்குக் கையின் பலமும் பாவனையும் கூடின. காயப்பட்டு 34 வருடமானவரும் அதில் இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மின்சாரம் கொடுக்காத ஒரு பகுதி அதில் இல்லை என்பது அதன் குறை. அதே வருட இறுதியில் அமெரிக்க அரசு அக்கருவிக்கு அனுமதி கொடுத்தது. எங்களிடம் வர எத்தனை காலம் பிடிக்குமோ!

கை அசைவதில் என்ன பெரிதென்று நினைக்கலாம். முண்ணாண் பாதிக்கப்பட்ட 681 பேரிடம் "உங்களுக்கு எது முதலில் திரும்ப வேண்டும்?" என்று கேட்டு 2004இல் வெளியிட்டார் கிம் அண்டர்சன். அவரும் முண்ணாண் பாதிக்கப்பட்ட ஒரு பெண் விஞ்ஞானி. கைகால் நான்கும் முடங்கியவர்கள் கைகளைக் கேட்டனர். கால்கள் மட்டும் முடங்கியவர்களில் கூடுதலானோர் தாம்பத்திய உறவைக் கேட்டனர். சலமும் மலமும் தம் கட்டுப்பாட்டுக்கு வரவேண்டும் என்பது இரு பகுதியினரின் பட்டியலிலும் மேலேயே இருந்தது. நடப்பது முதலிடத்தில் இருக்கவில்லை. எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததை யாரோ கடல் கடந்து சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். வியட்நாம் ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். லூயிவில்லின் அந்த நால்வரும் ஆண்கள். எனவே மாதவிடாயும் மகப்பேறும் இவற்றில் இல்லை. ஆறாவது நெஞ்சறை முள்ளென்புக்கு மேலே முண்ணாண் காயப்பட்ட பெண்ணுக்குப் பிரசவ வலியின்போது இரத்த அழுத்தம் திடீரென ஏறி உயிராபத்து வரலாம். தலை வெடிப்பதுபோல இடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். இதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமாதுவிடமும் மகப்பேற்று வைத்தியரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

காணியை விற்க முன்

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று சொல்லி இந்தியாவுக்கு அழைக்கும் விளம்பரங்கள் எங்கள் வீடுகளுக்கும் வருகின்றன. தாலிக்கொடியை அடைவு வைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறையே, இரத்த நோய் போன்ற சிலவற்றைத் தவிர மற்றைய எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம் என்கிறது. ஆய்வு நடக்காமலில்லை. 2024இல் அமெரிக்காவின் மாயோ நிலையம் 10 பேருக்குக் கொடுத்து, 7 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக எழுதியது. பத்துப் பேர், ஒப்பிட ஒரு பகுதி இல்லை. அவர்களே அதை ஆரம்பம் என்றுதான் சொல்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 18 வயதில் முண்ணாண் காயப்பட்ட ஒரு பெண்ணுக்கு, மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த செல்களை முதுகில் வைத்தார்கள். எட்டு வருடங்களின் பின் முதுகு தாங்க முடியாமல் நொந்தது. திறந்து பார்த்தால், மூக்கின் திசு உள்ளே வளர்ந்து சளி சுரந்துகொண்டிருந்தது. 2014இல் இதை வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள்.

நல்லெண்ணத்தோடு கொடுப்பதும் தீங்காகலாம் என்பதற்கு ஸ்டீரொயிட் கதையே போதும். தலையில் அடிபட்டவர்களுக்கு வீக்கம் குறைய உலகெங்கும் அதைப் பல தசாப்தங்களாகக் கொடுத்து வந்தார்கள். 10,008 பேரில் பரீட்சித்து 2004இல் முடிவு வந்தபோது, இரண்டு கிழமைக்குள் ஸ்டீரொயிட் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 21 பேரும் கொடுக்காதவர்களில் 18 பேரும் இறந்திருந்தனர். அத்துடன் அந்த வழக்கம் நின்றது.

ஆகவே யாராவது புதிய வைத்தியம் என்று சொன்னால் நான் கேட்கச் சொல்வது இவற்றைத்தான். எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? செய்யாதவர்களோடு ஒப்பிட்டீர்களா? இது ஆய்வு என்றால் ஏன் எங்களிடம் காசு வாங்குகிறீர்கள்? ஒரு தாய் தொலைபேசியில் மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது மறுமுனையில் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. "லைன் போட்டுது பிள்ளை" என்று அவ திரும்ப எடுத்தா. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய எக்ஸ்றே, ஸ்கான் படங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். இடம்பெயர்வில் தொலைத்தவர்கள் புதிதாக ஒரு எக்ஸ்றே எடுத்துத் தரக் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினால், உள்ளே துண்டு இருப்பதை எழுதுபவரிடமும் சொல்லுங்கள், ஸ்கான் அறை வாசலிலும் மறுபடி சொல்லுங்கள். அது பெரிய காந்தம். இரும்பை அசைக்கும், சூடாக்கும். சி.ரி. ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை. படங்களைச் சுருட்டாமல், இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, பொலித்தீன் பையில் போட்டு, கூரை ஒழுகாத பக்கத்தில் வையுங்கள்.